இன்னும் விழாத அடி

சாந்த் ரோஸ் கிராமம், மொருகா
1984 ஜூன் 4

கிளோட்டில்,

உன் அக்கா வீட்டு முகவரியை அஞ்சலகத்து மேபலிடம் கெஞ்சித்தான் வாங்கினேன். "அவ ஒங்களுக்குக் குடுக்கச் சொல்லலியே டீச்சர்," என்றாள், ஊருக்குப் புதிதாக வந்தவளிடம் பேசுவதுபோல. என் மகளுக்கு நீ ஞானத்தாய் என்று அவளுக்கு நினைவுபடுத்தினேன். "அது ஈஸ்டருக்கு முன்னாடி," என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்து என்ன தோன்றியதோ, எழுதிக் கொடுத்தாள்.

உன் கோழிகளுக்கு நான்தான் தீனி போடுகிறேன். நன்றிக்காகச் சொல்லவில்லை. ஆள் இல்லாத வீட்டில் அவை கத்துவதைக் கேட்டுக்கொண்டு என்னால் என் வீட்டில் சமைக்க முடியவில்லை.

என் தம்பியின் கம்பால் உன் கணவன் செத்தான். அதை மறுத்து ஒரு வரியும் எழுத மாட்டேன். ஆனால் கீழ்க்கோர்ட் விசாரணை முடிந்து, அன்செல்மைக் கொலை வழக்கில் சான் ஃபெர்னாண்டோ பெரிய கோர்ட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இந்த நாட்டில் கொலைக்கு ஒரே தண்டனை கயிறுதான். அது உனக்கும் தெரியும்.

வக்கீல் ராம்சரண் சொல்கிறார், எல்லாம் ஒரே கேள்வியில் நிற்கிறதாம்: பெர்ஸி வெட்டுக்கத்தியை ஓங்கினானா இல்லையா? "டீச்சர், வெட்டு விழுற வரைக்கும் கழுத்த நீட்டிக்கிட்டு நில்லுன்னு எந்தச் சட்டமும் சொல்லல. வெட்டப் போறான்னு மனசார நம்புனா முந்திக்கலாம். ஆனா கத்தி புல்லுல கெடந்துச்சுன்னுதான் போலீசு சொல்லுது. ஓங்குனத யாராச்சும் பாத்திருக்கணும்."

நீ போலீஸில் சொன்னது எனக்குத் தெரியும். சத்தம் கேட்டு வெளியே வந்தாய், பெர்ஸி கீழே கிடந்தான், அன்செல்ம் கம்போடு நின்றான். ஆனால் கிளோட்டில், அன்று நான் சீமைப்பலா சுட அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தேன். சத்தம் எதுவும் கேட்பதற்கு முன்பே நீ ஆட்டுக்கயிற்றைப் பிடித்தபடி வேலி ஓரம் நின்றாய். எனக்குத் தெரிந்தது உன் முதுகு மட்டும்தான். நீ எதைப் பார்த்துக்கொண்டு நின்றாய் என்று தெரியவில்லை. நான் கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. உன்னிடம் மட்டும் கேட்கிறேன். பார்த்ததைச் சொல். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.

லிஸ்ட்ரா


டோக்கோ
1984 ஜூன் 19

மரியாதைக்குரிய லிஸ்ட்ரா டீச்சர் அவர்களுக்கு,

கோழிகளை அறுத்துத் தின்னுங்கள். நன்றாகக் கொழுத்திருக்கும்.

இந்த மரியாதை இத்தோடு போதும். பதினாறு வருஷம் உன்னை நீ என்றுதான் கூப்பிட்டேன், திட்டும்போது மட்டும் எதற்கு நீங்கள்?

கார்னிவல் திங்களன்று களத்தில் உன் தம்பி பெர்ஸியின் நெற்றியைப் பிளந்தான். அதில் எனக்குக் குறை இல்லை. கம்புச்சண்டைக்குப் போகிறவன் மண்டையைக் கொண்டுதானே போகிறான்? ரத்தம் விழுந்தது, மத்தளம் நின்றது. பெர்ஸி ரத்தக்குழிக்கு நடந்து போய்க் குனிந்து அதில் வடியவிட்டான். இருவரும் கை கொடுத்துக்கொண்டார்கள். அத்தோடு முடிந்திருக்க வேண்டும்.

நான் தைத்துக் கொடுத்த மஞ்சள் சட்டை ரத்தத்தோடு களத்தில் கிடந்ததே, அதை யார் எடுத்துப் போனார்கள்? பெரிய வெள்ளியன்று கடைத்தெருவில் யூதாஸ் பொம்மையைக் கட்டித் தொங்கவிட்டபோது அந்தச் சட்டையைத்தான் போட்டிருந்தது. நெற்றியில் சிவப்புச் சாயத்தால் ஒரு கோடு வேறு. "அடிங்கடா யூதாஸ! என்னடா பெர்ஸி, மண்டைக்குள்ள இன்னும் மத்தளம் கேக்குதா?" என்று கத்தியது உன் தம்பி. ரம் கடைக்காரன் அடித்தான். கோயிலிலிருந்து ஜெபமாலையோடு வந்த பெண்கள் அடித்தார்கள். நீ குடையால் இரண்டு போட்டாய், லிஸ்ட்ரா. சிரித்தாய். என் தையல் அக்குளில் பிரிந்து பஞ்சு வெளியே வருவதைப் பார்த்தபடி நான் உன் பக்கத்தில்தான் நின்றேன்.

பெர்ஸி தெருக்கோடியில் நின்று எல்லாவற்றையும் பார்த்தான். ரம் கடைக்குப் போனான். வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை பேசாமல் கத்தியைத் தீட்ட உட்கார்ந்தான்.

முதலில் அடித்தது யார் என்று என்னைக் கேட்காதே. உன் தம்பி வெள்ளிக்கிழமையே அடித்துவிட்டான், ஊரையும் சேர்த்துக்கொண்டு.

நான் ஒன்றும் பார்க்கவில்லை. ஆட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கயிறு என்றால் கயிறு. நான் கறுப்பு உடுத்தியிருக்கிறேன், நீயும் உடுத்து. உனக்கு அளவெடுக்க வேண்டியதில்லை, எனக்கே தெரியும். தைத்து அனுப்புகிறேன்.

கிளோட்டில்


சாந்த் ரோஸ்
1984 ஜூலை 8

கிளோட்டில்,

குடையால் அடித்தேன். ஆமாம். வெட்கமாக இருக்கிறது. அன்செல்ம் அந்தச் சட்டையை எடுத்து மாட்டியது அயோக்கியத்தனம், அதை அவனிடம் சிறையிலேயே போய்ச் சொன்னேன். ஆனால் பொம்மைக்குச் சட்டை போட்டவனை வெட்டலாம் என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது?

பெர்ஸி அன்று ரம் கடையில் என்ன சொன்னான் என்பதை நீ எழுதவில்லை. நான் எழுதுகிறேன். "நாளைக்கு அவன் தலைய வெட்டி அந்தச் சட்டைக்குள்ளயே வெச்சுத் தைக்கச் சொல்றேன், என் பொண்டாட்டிக்குத்தான் நல்லா தைக்கத் தெரியுமே." கடை முழுக்கச் சிரித்ததாம். அன்செல்ம் காதுக்கு அது வந்தபோது அவன் சிரிக்கவில்லை. மறுநாள் காலை அதே ஆள் தீட்டிய கத்தியோடு ஆற்றுக்குப் போகும் பாதையை மறித்துக்கொண்டு நின்றால் அவன் என்ன நினைத்திருப்பான்? "வணக்கம் பெர்ஸி" என்றா சொல்லியிருப்பான்?

பெர்ஸி புனிதனாகிவிட்டானா இப்போது? ஜனவரியில் உன் இடது கண் வீங்கி மூடியிருந்தபோது ஈரத்துணி வைத்தது நான். "கதவுல இடிச்சுக்கிட்டேன்" என்றாய். எந்தக் கதவுக்கு விரல் இருக்கிறது, கிளோட்டில்? உன் கன்னத்தில் நான்கு விரல்களும் அப்படியே பதிந்திருந்தன. அன்செல்ம் என் சமையலறையில்தான் உட்கார்ந்திருந்தான். கம்பை எடுத்துக்கொண்டு எழுந்தவனை நீதான் அதட்டினாய். "ஒக்காருடா. இது எங்க வீட்டு விஷயம்." உட்கார்ந்தான். நீ போன பிறகும் வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தான்.

அந்த மனிதனுக்காகவா என் தம்பியைத் தூக்கில் ஏற்றப் போகிறாய்?

பள்ளி விடுமுறையில் மகளைக் கூட்டிக்கொண்டு டோக்கோவுக்கு வருகிறேன். அவள் முகத்தைப் பார்த்தாவது கதவைத் திற.

லிஸ்ட்ரா


டோக்கோ
1984 செப்டம்பர் 2

லிஸ்ட்ரா,

மழையில் உங்கள் இருவரையும் படலைக்கு வெளியே நிற்கவைத்ததற்காக என் அக்கா என்னோடு பேசுவதில்லை. "குழந்த நனைஞ்சுதுடி, நீயெல்லாம் ஞானத்தாயா?" என்றாள். குழந்தைக்காக வருந்துகிறேன், அவளிடம் சொல். உனக்காக இல்லை.

நான் திரைக்குப் பின்னால்தான் நின்றேன். உன் தொப்பியின் விளிம்பிலிருந்து தண்ணீர் வழிந்து உன் நல்ல காலணிக்குள் போவதைப் பார்த்தேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இப்படி ஒரு சந்தோஷம் எனக்குள் இருக்கும் என்று நினைத்ததே இல்லை. பெர்ஸியின் கை என் மேல் விழுந்த நாட்களில்கூட இவ்வளவு கெட்டவளாக நான் இருந்ததில்லை. மாலைக்குள் அது போய்விடும் என்று காத்திருந்தேன். போகவில்லை.

அவன் என்னை அடித்தான். அது உண்மைதான். அதைச் சொல்லி என் வாயை அடைக்கலாம் என்று நினைக்கிறாய். என்னை அடித்தவனுக்காக நான் ஏன் அழ வேண்டும், அதுதானே கேள்வி? நான் அழுவதாக யார் உனக்குச் சொன்னது? ஒரு மனிதன் தரையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். தூங்கப் போனால் அதுதான் வருகிறது. சாப்பிட உட்கார்ந்தாலும் வருகிறது.

நான் ஒன்றும் பார்க்கவில்லை என்று எழுதினேன். நீ அதை நம்பவில்லை, சரி. உன் தம்பியிடம் கேள். நான் வேலியோரம் எவ்வளவு நேரம் நின்றேன் என்று அவனுக்குத் தெரியும். அவன் பதில் சொன்னால் எனக்கு எழுது. சொல்லாவிட்டால் எழுதாதே.

கிளோட்டில்


சாந்த் ரோஸ்
1985 மார்ச் 11

கிளோட்டில்,

நீ கேட்டதை அவனிடம் கேட்டேன். "அவ எவ்வளவு நேரம் நின்னான்னு எனக்கெப்படிக்கா தெரியும்?" என்றான். நான் கொண்டுபோன மீன் குழம்பை அன்று தொடவில்லை. சிறைச் சாப்பாட்டில் வயிறு கெட்டுப்போயிருக்கிறது போலும்.

பிணத்தை அறுத்துப் பார்த்த டாக்டர் இரண்டு காயம் என்கிறார். ஒன்று நெற்றியில், ஒன்று காதுக்குப் பின்னால். உயிர் போனது இரண்டாவதில். அன்செல்ம் சொல்வது, இரண்டும் ஒரே மூச்சில் விழுந்தவை. கம்பு சுழன்று வந்த வேகத்தில் திரும்பவும் விழுந்ததாம். ஒரு காயத்துக்கும் அடுத்ததுக்கும் எவ்வளவு இடைவெளி என்று டாக்டரால் சொல்ல முடியாது.

எனக்கு ஒரு யோசனை தோன்றியது. வக்கீலிடம் சொன்னேன்: "சார், நல்ல கம்புக்காரன் எதிராளியோட கையப் பாக்க மாட்டான். தோளப் பாப்பான். தோள் எறங்குச்சுன்னா அடுத்தது அடிதான். கை அசையறதுக்கு முன்னாடியே அவனுக்குத் தெரிஞ்சுடும்." ராம்சரண் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். "இத இவ்வளவு நாளா ஏன் டீச்சர் சொல்லல?" என்றார். நகரத்து ஜூரிக்குக் களத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது, அதைச் சொல்ல ஆள் வேண்டும் என்றார். மத்தளக்காரர் சிப்ரியனைச் சம்மதிக்க வைத்திருக்கிறேன். முப்பது வருஷம் மத்தளத்துக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்தவர் அவர். கோர்ட்டுக்குப் போட்டுவரக் கோட்டு இல்லை என்றார், என் வீட்டுக்காரரின் பழைய கோட்டைக் கொடுத்தேன்.

ஆனால் சிப்ரியன் அன்று அங்கே இல்லை. நீதான் இருந்தாய். கத்தி ஓங்கியது என்று நீ சொன்னால், தோளைப் பற்றி அவர் சொல்வதும் நிற்கும். இல்லையென்றால் எல்லாம் வெறும் கதை.

அன்செல்முக்கு முடி நரைத்துவிட்டது. முப்பத்து நான்கு வயது. பக்கத்துக் கொட்டடியிலிருந்து யாரையாவது தீர்ப்புக்குக் கொண்டுபோகிற நாளில் மற்றவர்கள் கம்பிகளைத் தட்டுவார்களாம். அந்தச் சத்தத்தைப் பற்றி மட்டும் பேசுகிறான். மூன்றாம் முறையாகக் கேட்கிறேன். இனி கேட்க என்னிடம் வார்த்தை இல்லை.

லிஸ்ட்ரா


டோக்கோ
1985 செப்டம்பர் 15

லிஸ்ட்ரா,

உன் மார்ச் மாதக் கடிதத்தை இத்தனை நாள் கையில் வைத்திருந்தேன். நடுவில் அரசு வக்கீலின் ஆள் ஒருவர் வந்தார். நல்ல சட்டை, நல்ல பேச்சு. "ஒங்க வீட்டுக்காரர் கத்திய ஓங்கவே இல்ல, இல்லம்மா? புல்லுலதான கெடந்துச்சு?" என்று கேட்டுவிட்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆமாம் என்று சொன்னால் போதும். என் அக்கா கொடுத்த காபியைக் குடித்தபடி அவர் காத்திருந்தார். இத்தனை சுலபமா ஒரு ஆளை முடிப்பது என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

சொல்லவில்லை. அது பொய். பொய்யால் அவனை முடித்தால் அவனுக்கும் எனக்கும் நடுவில் தீர்ந்துபோகாது.

பெர்ஸி கத்தியைத் தலைக்கு மேல் ஓங்கினான். ஓங்கிக்கொண்டே இரண்டு எட்டு முன்னால் வந்தான். அன்செல்ம் அடிக்காமல் இருந்திருந்தால் அன்று செத்தது அன்செல்ம்தான். இதைக் கோர்ட்டில் சொல்கிறேன். உன் வக்கீலிடம் சொல்லி என்னைக் கூப்பிடச் சொல். என்ன கேட்டாலும் பதில் சொல்வேன், யார் கேட்டாலும்.

கூட்டவும் வேண்டாம் குறைக்கவும் வேண்டாம் என்று நீ எழுதியதை மறக்காதே. நீ முன்வரிசையில் உட்கார்.

கிளோட்டில்


சாந்த் ரோஸ்
1985 செப்டம்பர் 24

என் கிளோட்டில்,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுப் பள்ளிக்கூடம் என்றுகூடப் பார்க்காமல் உட்கார்ந்து அழுதேன். பிள்ளைகள் பயந்துவிட்டார்கள். வக்கீல் தன் குமாஸ்தாவை அனுப்பி உன்னிடம் எழுத்தில் வாங்கிக்கொண்டதாகச் சொன்னார். "ஒரே கேள்விதான் கேப்பேன் டீச்சர், அந்தம்மாவ அதிக நேரம் நிக்க வைக்க மாட்டேன்" என்றார்.

சாட்சி சொல்ல வரும்போது எங்கள் வீட்டில் தங்கு என்று கேட்க எனக்குத் துணிவில்லை. ஆனால் படுக்கை போட்டு வைத்திருப்பேன். உன் வீட்டுச் சாவியும் என்னிடம் இருக்கிறது, கூட்டிப் பெருக்கி வைக்கிறேன்.

ஒன்றைச் சொல்ல வேண்டும், சிரிப்பாய். நீ வருகிறாய் என்றதும் அன்செல்ம் மகிழ்ச்சியில் குதிப்பான் என்று நினைத்தேன். சுவரைப் பார்த்து நின்றான். "அவ வர வேணாம்னு சொல்லுக்கா. சிப்ரியன் போதும்" என்றான். "பைத்தியமாடா ஒனக்கு? அவதான் ஒன் உயிரு" என்றேன். "வேணாம்னா வேணாம்" என்றான். கணவனைப் பறிகொடுத்தவளைக் கோர்ட்டில் நிறுத்த அவனுக்குக் கூச்சம் என்று எடுத்துக்கொண்டேன். அவனுக்கும் மனசாட்சி இருக்கிறது கிளோட்டில், நீ நினைப்பது போல இல்லை. நான் அவன் பேச்சைக் கேட்கப் போவதில்லை. நீ வா.

உன் லிஸ்ட்ரா


சாந்த் ரோஸ்
1985 நவம்பர் 3

கிளோட்டில்,

படுக்கையை மடித்துவிட்டேன். சாவியை இத்துடன் வைத்திருக்கிறேன். கோழிகள் தப்பித்துப்போனால் போகட்டும்.

நான் முன்வரிசையில் உட்கார வேண்டும் என்று ஏன் எழுதினாய் என்பது இப்போது புரிகிறது. ராம்சரண் தன் ஒரே கேள்வியைக் கேட்டார், நீ பதில் சொன்னாய், நான் உன்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டேன். எல்லோர் முன்னிலையிலும் கும்பிட்டேன். அப்புறம் அரசு வக்கீல் எழுந்து "அப்புறம்?" என்றார். அந்த ஒரு சொல்தான். நீ அதற்காகவே டோக்கோவிலிருந்து வந்திருந்தாய்.

கத்தி விழுந்தது என்றாய். பெர்ஸி உட்கார்ந்துவிட்டான், தலையைப் பிடித்துக்கொண்டு "போதும்டா" என்றான் என்றாய். அன்செல்ம் கத்தியைக் காலால் புல்லுக்குள் தள்ளிவிட்டுத் திரும்பி நடந்தான் என்றாய். நடந்தவன் நின்று, திரும்பி வந்து, காதுக்குப் பின்னால் அடித்தான் என்றாய். எவ்வளவு நேரம் கழித்து என்று கேட்டார்கள். "ஒரு 'அருள் நிறைந்த மரியே' ஜெபம் முழுசாச் சொல்லி முடிக்கிற நேரம்," என்றாய். "எப்பிடித் தெரியும்?" "நான் சொல்லிக்கிட்டிருந்தேன்." ஜூரியில் இருந்த பெண் ஒருத்தி சிலுவை போட்டுக்கொண்டாள்.

அதற்கு மேல் சிப்ரியன். நானே தேடிப்பிடித்து, கோட்டு மாட்டிக் கூட்டி வந்த சிப்ரியன். தோள், கை எல்லாம் அழகாகச் சொன்னார். அரசு வக்கீல் கேட்டார், "ரத்தம் விழுந்துட்டா என்ன செய்வீங்க ஐயா?" "மத்தளத்த நிறுத்திருவோம்." "நிறுத்துன பிறகும் ஒருத்தன் அடிச்சா?" சிப்ரியனுக்கு அன்செல்ம் குழந்தையிலிருந்தே பழக்கம். அவனைப் பார்த்தார். பொய் சொல்வார் என்று ஒரு கணம் நினைத்தேன். "அவன் கம்புக்காரன் இல்லீங்க," என்றார்.

முதல் அடிக்கு அவனுக்கு உரிமை இருந்தது என்று நீதிபதியே ஜூரியிடம் சொன்னார். எதிரி உட்கார்ந்த இடத்தில் அந்த உரிமை முடிந்துவிட்டது என்றும் சொன்னார். கத்தியைக் கண்ட பதற்றத்தில் செய்தது என்று ஜூரி இரக்கப்பட்டதால் கயிறு இல்லை. பதினான்கு வருஷம். வெளியே வரும்போது அவனுக்குக் கிட்டத்தட்ட ஐம்பது.

நீ சொன்னது உண்மை என்று எனக்குத் தெரியும். அவன் முகத்தைப் பார்த்தபோதே தெரிந்தது. அதற்காக உன்னை வெறுக்க முடியாது என்று பாதர் சொல்கிறார். என்னால் முடிகிறது.

நேற்று சிறைக்குப் போனேன். "திரும்ப ஏன்டா வந்த?" என்று கேட்டேன். உன்னிடம் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு சொன்னான். சத்தியம் செய்த கையாலேயே எழுதுகிறேன், இது உனக்குச் சேர வேண்டும்.

"நான் போயிட்டுத்தான்க்கா இருந்தேன். அப்பத்தான் வேலிகிட்ட கிளோட்டில் நிக்கிறதப் பாத்தேன். இவன் எழுந்து வீட்டுக்குப் போனா, என்கிட்ட தோத்தத யார்மேல தீத்துக்குவான்? கார்னிவல் முடிஞ்சு யார்மேல தீத்தான்? நமக்குத்தான் சுவத்துக்கு இந்தப் பக்கம் கேட்டுச்சே. அவள இன்னிக்கு ராத்திரியோ நாளைக்கோ கொன்னுருவான்னு தோணுச்சு. திரும்பிட்டேன்."

இதை வக்கீலிடம் முன்பே சொல்லியிருக்கிறான். ராம்சரண் அவன் வாயைப் பொத்தாத குறைதான். "நாளைக்கு அவன் எவளையோ அடிப்பான்னு இன்னிக்கு நீ அவனக் கொல்ல முடியாதுப்பா. இத கோர்ட்ல சொன்னா நேரா கயிறுதான். ரெண்டும் ஒரே மூச்சுன்னு சொல்லு." அதனால்தான் அந்தப் பொய். அதனால்தான் நீ வர வேண்டாம் என்றான். உன் வாயாலேயே உன்னைக் காப்பாற்றியதற்குத் தண்டனை வாங்க அவனுக்கு மனமில்லை.

உனக்காக அடித்த அடிக்கு நீ சாட்சி சொன்னாய். இனி தூங்கப் போகும்போது இதுவும் வரட்டும்.

லிஸ்ட்ரா


டோக்கோ
1985 நவம்பர் 17

லிஸ்ட்ரா,

சாவி வந்தது. உன் கடிதம் நீ விரும்பியதைச் செய்தது. பள்ளிச் சீருடைகள் தைக்காமல் குவிந்து கிடந்தன, தாய்மார்கள் வாசலில் வந்து சத்தம் போட்டார்கள், என் அக்கா எனக்குக் காய்ச்சல் என்று பொய் சொன்னாள். அவன் எனக்காகத்தான் திரும்பி வந்தானா? அவன் என்னைப் பார்த்தது உண்மை. நேராகப் பார்த்தான். அந்தப் பார்வையை நான் ஒன்றரை வருஷமாக வேறு மாதிரி படித்திருந்தேன், சாட்சி யாராவது இருக்கிறார்களா என்று தேடியதாக. நீ எழுதியது போலவும் இருக்கலாம். நம்புகிறேன் என்றே வைத்துக்கொள்.

அப்படியானால் உனக்கும் ஒன்று சேர வேண்டியிருக்கிறது. இதை ஒருவரிடமும் நான் சொன்னதில்லை. என் அக்காவுக்கு மட்டும் தெரியும்.

ஈஸ்டர் திங்கள் விடியற்காலைப் பஸ்ஸில் நான் பெர்ஸியை விட்டுப் போவதாக இருந்தேன். என் துணிகளில் பாதியைத் தவக்காலத்திலேயே கொஞ்சம் கொஞ்சமாக இங்கே அனுப்பிவிட்டேன். ஞாயிறு முழுக்க அவன் குடிப்பான், திங்கள் மதியம் வரை எழ மாட்டான். எழுந்ததும் என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவான். ஒவ்வொரு அறையாகப் போவான். பிறகு வெட்கத்தை விட்டு உன் வீட்டுக் கதவைத் தட்டி "கிளோட்டில் இங்க வந்தாளா?" என்று கேட்பான், நீ இல்லை என்பாய், இருட்டுவதற்குள் ஊருக்கே தெரிந்துவிடும், பெர்ஸியின் பெண்டாட்டி போய்விட்டாள் என்று. அந்த முகத்தை மனசுக்குள் எத்தனை முறை பார்த்தேன் தெரியுமா? துணி துவைக்கும்போது பார்ப்பேன். கண்ணில் ஈரத்துணி வைத்துக்கொண்டு உன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோதுகூட அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், அதனால்தான் உன் தம்பியை உட்காரச் சொன்னேன். அது நான் கொடுக்க வேண்டிய அடி. பதினாறு வருஷம் சேர்த்து வைத்தது.

உன் தம்பி அதை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டான். விட்டுப் போக வேண்டியவனின் தலையை நான் கழுவித் துடைக்க வேண்டியதாயிற்று. செத்தவனுக்காக விழித்திருக்கும் ஒன்பது இரவும் ஊர் முழுக்க வந்து உட்கார்ந்து பாட்டுப் பாடி, "நல்ல மனுஷன், நல்ல மனுஷன்" என்று சொல்லி என் ரம்மைக் குடித்தது. நான் தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன். விதவையால் வேறென்ன செய்ய முடியும்? அவனை யாரும் விட்டுப் போகவில்லை. அவன் யாரிடமும் தோற்கவில்லை. கணக்கில் அவன் நல்லவனாகவே செத்தான்.

எனக்காக என்றால் என்னைக் கேட்டிருக்க வேண்டும். வேலிக்கு இந்தப் பக்கம்தானே நின்றேன்? ஒரு வார்த்தை. "போகட்டும் விடு அன்செல்ம், நான் திங்கக்கெழம போயிடுவேன்" என்று சொல்லியிருப்பேன். அவன் கேட்பாரற்றுக் கிடந்த பொருளை எடுத்துக்கொள்வதுபோல என் நாளையை எடுத்துக்கொண்டான், எனக்கு நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு.

இப்போது சிறையில் அவனுக்கு ஆறுதலாக இருப்பது அது ஒன்றுதான் என்று உன் கடிதத்திலிருந்தே தெரிகிறது. ஒரு பெண்ணின் உயிரைக் காப்பாற்றினேன் என்பது. அதை வைத்துக்கொண்டு ஒருவன் பதினான்கு வருஷத்தைத் தள்ளிவிடலாம். சுவரைப் பார்த்துக்கொண்டு நிமிர்ந்தே உட்கார்ந்திருக்கலாம்.

அவனைப் பார்க்க அனுமதி கேட்டு எழுதினேன், கிடைத்துவிட்டது. எனக்காகத்தானா என்று நேரே கேட்பேன். இல்லை என்றால் எழுந்து வந்துவிடுவேன். ஆமாம் என்றால், அந்தத் திங்கட்கிழமைப் பஸ்ஸைப் பற்றிச் சொல்வேன். எந்தப் பெட்டி, எந்தச் சட்டை, எங்கே நின்று ஏறுவதாக இருந்தேன் எல்லாம் சொல்வேன். மெதுவாகச் சொல்வேன். அவனுக்கு நேரம் இருக்கிறது.

நீ முந்திப் போய் அவனைத் தயார்படுத்தலாம் என்று நினைப்பாய். உனக்குப் பார்வை நாள் சனிக்கிழமை. எனக்கு வியாழன் கொடுத்திருக்கிறார்கள். இதை வியாழன் மாலை திரும்பி வரும் வழியில்தான் தபாலில் போடுவேன்.

கிளோட்டில்